கியர்பாக்ஸைக் கழற்றும் முன்

கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டாள்.

சரி, உன் ஆட்டோமேட்டிக் கார் விஷயம். கியர்பாக்ஸை ஓவர்ஹால் செய்யச் சொன்னார்கள், முன்பணம் கட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பொறு. 70, 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது மட்டும், சாலையோரக் கோட்டின் மேல் டயர் ஏறியதுபோல் நடுங்குகிறது. அழுத்தி மிதித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது என்கிறாய். எனக்குச் சந்தேகம் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் மீதுதான்.

மெதுவாகப் போகும்போது இன்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது கன்வர்ட்டருக்குள் சுழலும் ஆயில். அதில் கொஞ்சம் வழுக்கல் இருக்கத்தான் செய்யும். வேகம் சீரானதும் உள்ளே ஒரு கிளட்ச் பிடித்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும்; அதுதான் லாக்கப். அது முழுதாகப் பிடிக்காமல் பிடித்துப் பிடித்து விட்டால் வண்டி இப்படித்தான் உதறும்.

நீயே சோதிக்கலாம். பினாங்குப் பாலத்தில் தினமும் போகிறாயே, அதைவிட நல்ல இடம் கிடையாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, 80-ஐத் தாண்டாமல் சீராகப் போ. நடுப்பாலத்தில் மேடு ஏறும்போது நடுக்கம் வரும். அப்போது வலது காலை அசைக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொடு. பின்னால் யாரும் ஒட்டி வராத நேரமாகப் பார். வீட்டருகே பழகிக்கொண்டு போ, இடது கால் பாரமாக விழும். பிரேக்கைத் தொட்டதும் பெரும்பாலான கார்களில் லாக்கப் விட்டுவிடும், ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்று, 200, 300 ஏறும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் லாக்கப்தான். ஆர்பிஎம் அசையவே இல்லையென்றால் லாக்கப் பிடிக்காமலே இருக்கலாம். அதற்கு சோலனாய்டு (லாக்கப்புக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின்வால்வு), வயரிங், பிரேக் ஸ்விட்ச் என்று வேறு வழியில் தேட வேண்டும்.

ஒன்று மட்டும் கவனி. பலவீனமான இக்னிஷன் காயிலும் (தீப்பொறி தரும் சுருள்) கிட்டத்தட்ட இதே மாதிரி உதறும். லாக்கப் விட்டதும் கன்வர்ட்டர் அந்த உதறலை விழுங்கிவிடுவதால், நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆகவே ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியாமல் தவறுவது) எண்ணிக்கையையும் பார்க்கச் சொல். லாக்கப் பிடித்திருக்கும்போது இன்ஜின் சுற்றுக்கும் டர்பைன் (கன்வர்ட்டரின் கியர்பாக்ஸ் பக்கச் சக்கரம்) சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கேள்; அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்கேனரில் பி0741 என்ற பிழைக் குறியீடு வந்தாலும், வழுக்குகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். காரணத்தைச் சொல்லாது. அதை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்குவது அநியாயம்.

லாக்கப்தான் என்று உறுதியானால் முதல் செலவு ஆயிலாகவே இருக்கட்டும். பழசான ஆயிலோ தவறான ரகமோ போதும், இந்த நடுக்கத்தை வரவழைக்க. உன் காரின் கையேட்டில் எந்த ரகம் போட்டிருக்கிறதோ அதே ரகம் வேண்டும். ஒரு தடவை வடித்தால் பாதிகூட வெளியே வராது, மிச்சம் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்று. பல கார்களுக்கு இதுவே போதும்.

வடிக்கும்போது பக்கத்தில் நின்று, கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டான பேனைப் பார். மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயமில்லை. கருகிய வாடையும் உலோகத் துகளும் இருந்தால்தான் கன்வர்ட்டரைக் கழற்றும் பேச்சு. அப்போதும் கியர்பாக்ஸ் ஆயில் கூலரைக் கழுவாமல் புதியதைப் பூட்ட விடாதே.

முன்பணம் கட்டிவிடாதே. பேனையும் ஆயிலையும் போட்டோ எடுத்து அனுப்பு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் நண்பன்