கிணற்றடி மரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து 3 வாரம் ஆகிறது. முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம், விடிந்தால் தோப்பில்தான் இருக்கிறேன். இன்று வானம் மூடிக்கொண்டது. காயப்போட்டதை அள்ளி உள்ளே வைத்துவிட்டு எழுதுகிறேன்.

காலி நிலத்தில் முந்திரி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். ஆனால் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

போன வருடம் பூ அப்படிப் பூத்தது. தோப்புக்குள் நுழைந்தாலே வாசனை ஆளைத் தூக்கும். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். காயாகக் கூடியவை கொஞ்சம், அதிலும் கடைசிவரை நிற்பவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அந்த நேரம் பார்த்து ஒரு வாரம் மேகமும் தூறலும் பிடித்துக்கொண்டன. தேனீ நடமாட்டமே இல்லை. கூடவே தேயிலைக் கொசு வந்தது. பெயர்தான் கொசு, தளிரிலும் பூங்காம்பிலும் ஊசிபோன்ற வாயைச் செருகிச் சாறு உறிஞ்சும் பூச்சி அது. குத்திய இடத்தில் பிசின் துளிர்க்கும், அப்புறம் கருக்கும், சில நாளில் கொத்தே தீயில் வாட்டியதுபோல் நிற்கும். முந்தின வருடத்தில் பாதிகூடத் தேறவில்லை.

இந்த வருடம் தேறிவிட்டோம். நன்றி சொல்ல வேண்டியது முசுறு எறும்புக்குத்தான். கிளை நறுக்கிக் கவாத்து செய்பவர்களைக் கடித்துக் குதறுகிறதென்று அப்பா காலத்திலிருந்தே கூட்டைக் கண்டால் எரித்துவிடுவோம். போன வருடம் கிழக்கு வரிசையில் எரிக்காமல் விட்டுப்போன 4 மரங்களில் மட்டும் கொத்து கருகவில்லை. தம்பிதான் அதைக் கவனித்தான். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் இந்த எறும்பு, அந்தப் பூச்சியை வேட்டையாடி விரட்டிவிடுகிறது. இந்த முறை ஒரு கூட்டையும் தொடவில்லை. மருந்துச் செலவும் குறைந்தது. கடி வாங்கத்தான் செய்கிறோம், பரவாயில்லை.

காய் பிடித்த மரத்தை நீ கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் கொட்டைதான் வளரும், பச்சையாக, தன் காம்பைவிடப் பெரிதாக. அப்புறம் அது இறுகிச் சற்றே சுருங்கும்போது காம்பு ஊதிப் பழமாகும். பூவிலிருந்து இதற்கு ஏறக்குறைய 2 மாதம். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, மனதை அழுத்துகிற சேதிக்கு வருகிறேன். கிணற்றடி மரம் போய்விட்டது. அப்பா நட்ட முதல் மரம்; நாம் இருவரும் அதன் கிளையில் படுத்துக்கொண்டு பாடம் படித்தோமே, அதேதான். அடிமரத்தில் மரத்தூள்போல் உதிர்ந்திருந்ததையும் பிசின் வழிந்ததையும் நான் பார்த்தேன். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பட்டையைச் செதுக்கிப் பார்த்தபோது தண்டுத்துளைப்பான் புழுக்கள் அடியைச் சுற்றி முக்கால்வாசி தின்றிருந்தன. இலை மஞ்சளான பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து மரங்களுக்குப் பரவக் கூடாதென்று வேரோடு தோண்டி எடுத்தோம். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் அடியையும் குனிந்து பார்க்கிறேன்.

கொட்டை போட்டு முளைக்கவைத்தால் தாய்மரம்போலவே வராது, உனக்கே தெரியும். அந்த மரத்தின் கொட்டையோ தோப்பிலேயே பெரியது. அதனால் தோண்டுவதற்கு முன்பே, பச்சையாக இருந்த ஒரு பக்கக் கிளையில் பூக்காத நுனிகளைத் தேர்ந்தெடுத்து, இலைகளை நறுக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்து வெட்டி, 2 மாத நாற்றுகளில் ஒட்டுக் கட்டினேன். 12 கட்டியதில் 5 பிடித்திருக்கின்றன. நேற்று ஒன்றில் செந்தளிர் விட்டிருக்கிறது.

அதில் 2 உனக்கு. ஒட்டுக்கன்று 3ஆம் வருடம் காய்க்கத் தொடங்கும், நன்றாகக் கைகொடுக்க ஏழெட்டு வருடம் ஆகும். உன் நிலத்தில் அந்தத் தாழ்வான மூலையில் மட்டும் வைத்துவிடாதே. பிரேசில் கடலோர மணலில் பிறந்த மரம், வேரடியில் தண்ணீர் நின்றால் தாங்காது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடு. குழி எடுத்து வைத்துவிட்டு எழுது, நானே கொண்டுவருகிறேன்.

வெயில் வந்துவிட்டது. கொட்டையை விரிக்கப் போகிறேன். குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலக்க இன்னும் ஒரு நாள் காய வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்