பிரிக்காதே, உள்பட்டையை வெட்டு

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடி முடிந்து பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ராஜி அக்கா மறுபடியும் அதே பச்சைக் காரைத்தான் வாங்கியிருக்கிறாள். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காக நீ தைக்கும் குயில்ட்டின், அந்த ஒட்டுத்துணிப் போர்வையின், படத்தை நேற்று அனுப்பினாயே, அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "வாத்து பார்டர் ரெண்டு இன்ச் குறையுது, மொத்தத்தையும் பிரிக்கப் போறேன்" என்கிறாயே, முதலில் தையல் பிரிக்கும் அந்த ரிப்பரைக் கீழே வை. ஓரத்துப் பட்டையில் நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் 32 வாத்து (நடுவில் முக்கோணம் வைத்த துண்டுகள்), அகலப் பக்கம் 26. ஆக வாத்துகளுக்கு இடையில் நான்கு பக்கமும் சேர்த்து 112 தையல். அத்தனையையும் பிரித்தால் துணி பிசிறடித்து, இழுபட்டு, இப்போது இருப்பதைவிட மோசமாகும். மங்களம் டீச்சர் பார்த்தால் என்ன சொல்லுவார் என்று உனக்கே தெரியும்.

குறைந்தது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார். வாத்து ஒவ்வொன்றும் வெட்டிச் சரிசெய்த பிறகு 2½க்கு 4½ இன்ச். தைத்தபின் பட்டையின் நீளவாக்கில் 2 இன்ச் நிற்க வேண்டும். தையலுக்கு நீ விடும் ஓரம் கால் இன்ச்சுக்கு மேல் வெறும் கால் நூல் தடித்திருக்கிறது (எட்டு நூல் ஒரு இன்ச்). ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியும் மாட்டுவதால் அது அரை நூலாகிறது. 31 தையலுக்கு அரை நூல் வீதம் போட்டால் கிட்டத்தட்ட 16 நூல், அதாவது உன் இரண்டு இன்ச்! நீ எங்கேயும் பெரிய தப்புச் செய்யவில்லை டி. இந்த பார்டரின் குணமே அதுதான். பெரிய பிளாக்கில் கண்ணுக்குத் தெரியாத தப்பை 31 முறை பெருக்கிக் காட்டிவிடும்.

இப்போது வழி. நடுப்பகுதி 12 இன்ச் பிளாக், அதாவது சதுரங்கள், நாலுக்கு ஐந்து, அதாவது 48க்கு 60. அதைச் சுற்றி வெள்ளையில் 2 இன்ச் உள்பட்டை வைத்திருக்கிறாய் அல்லவா? அது அழகுக்கு மட்டும் அல்ல, இந்த மாதிரி நேரத்துக்குத்தான். வாத்துப் பட்டை நான்கையும் இஸ்திரி போட்டு, இழுக்காமல் மேஜையில் கிடத்தி அள. நீளப் பட்டைகள் 62½க்கும் அகலப் பட்டைகள் 51க்கும் பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன். ஜோடிக்குள் அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும், நீளமாக இருப்பதில் இரண்டு மூன்று தையலை லேசாக உள்ளே தள்ளித் தைத்துச் சமன் செய். பிறகு உள்பட்டையோடு சேர்ந்த நடுப்பகுதியை அந்த அளவுக்கே நறுக்கிவிடு. மேலும் கீழும் பட்டை ஒரு இன்ச்சாகவும், பக்கங்களில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவாகவும் நிற்கும். ஒன்றரை நூல் வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பார்டரின் அகலம் மாறாததால் மூலைக்கு வெட்டி வைத்த 4½ இன்ச் சதுரங்களும் அப்படியே பொருந்தும். முடிந்த அளவு 58½க்கு 70 வரும். படைவீரர்களுக்குக் குயில்ட் கொடுக்கும் குயில்ட்ஸ் ஆஃப் வேலர் அமைப்பு கேட்கும் குறைந்தபட்சம் 55க்கு 65. தாராளமாகப் போதும்.

வாத்தின் மூக்கு கால் நூல் மழுங்கியிருக்கும். இருக்கட்டும்.

இணைக்கும்போது நடுப்புள்ளி, கால்புள்ளி, முனைகள் என்று முதலில் குண்டூசி குத்து, அப்புறம் இடைவெளிகளை நிரப்பு. எந்தப் பக்கம் ஒரு துளி தளர்வாக இருக்கிறதோ அது மெஷினில் துணியை நகர்த்தும் பல் பக்கம், கீழே இருக்கட்டும். பல் தானாக உள்ளே தள்ளிக்கொள்ளும். இரண்டுமே சமமாக இருந்தால் வாத்துப் பக்கத்தை மேலே வைத்துக்கொள், மூக்குகள் கண்ணில் படும். எக்காரணத்தைக் கொண்டும் பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிச்சத்தைக் கடைசியில் வெட்டாதே. ஓரம் இழுபட்டு அலை அலையாக நிற்பது அதனால்தான். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடு, தேய்க்காதே, நீராவியும் வேண்டாம். எல்லாம் முடிந்ததும் வெளி ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளி, சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிடு. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் லாங்-ஆர்ம் மெஷினில் கிளிப் போட்டு இழுக்கும்போது வாயைத் திறப்பது இந்த ஓரத் தையல்கள்தான்.

அடுத்த குயில்ட்டுக்கு முன்னால் ஒரே ஒரு சோதனை செய். 1½ இன்ச் பட்டை மூன்றை இணைத்து இஸ்திரி போடு. நடுப்பட்டை சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்து. மடியும் இடத்தில் துணியும் நூலும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும், அதனால் தையல் கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை உள்ளேயே இருக்க வேண்டும். வாத்துக்கு 5¼ சதுரம் ஒன்று, 2⅞ சதுரம் நான்கு என்ற உன் வழக்கமான கணக்கையே வைத்துக்கொள். ஒரே வெட்டில் நான்கு வாத்து வருவது மட்டும் இல்லை, நான்கு ஓரமும் நேர் இழையில் நிற்கும், கிராஸில், அதாவது மூலைவாட்டில், இழுபடாது.

பின்பக்கத்துக்குக் கொடி அச்சிட்ட துணி எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் வசந்தி. கொடியைப் படுக்கை விரிப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடிச் சட்டமே சொல்கிறது. பெறுகிறவர் பட்டாளத்துக்காரர், அவருக்கு அது உறுத்தும். நட்சத்திரம், கோடு எல்லாம் தாராளமாகப் போடு. 108 இன்ச் அகலத் துணியில் 2 கெஜம் போதும், லாங்-ஆர்முக்கு நான்கு பக்கமும் 4 இன்ச் விட்டாலும் மிஞ்சும்.

எனக்கு உண்மையிலேயே பயம் அந்தச் சிவப்பில்தான். சிவப்பும் கருநீலமும் வெள்ளைக்குப் பக்கத்தில்! கொடுப்பதற்கு முன் துவைத்துத்தான் ஆக வேண்டும். முதல் துவைப்பில், கரைந்துவரும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் கலர் கேட்சர் தாள் நான்கைந்து போடு. வெள்ளையில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் டிரையரில் மட்டும் போட்டுவிடாதே, சூட்டில் கறை நிலைத்துவிடும். ஈரம் காயாமல் வெந்நீரும் பாத்திரம் கழுவும் டான் சோப்பும் நிறையக் கலந்து, குயில்ட் முழுக்க முங்கும்படி ஊறவை. தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இரு.

இவ்வளவு சொல்வது நீ தையலில் கெட்டிக்காரி என்று தெரியாததால் அல்ல. கேத்தரின் ராபர்ட்ஸ் 2003இல் அமெரிக்காவின் டெலவேரில் குயில்ட்ஸ் ஆஃப் வேலரைத் தொடங்கியபோது அவர் மகன் இராக்கில் இருந்தான். நடுராத்திரியில் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாய், குயில்ட்டைப் போர்த்தியதும் தெளிந்ததாகக் கேத்தரின் கனவு கண்டார். இன்றைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்தாயிற்று. உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா வியட்நாமிலிருந்து திரும்பியவர். அந்தப் போரில் இருந்து வந்தவர்களை அன்றைக்கு வரவேற்க ஆள் இல்லை. அதனால்தான் குயில்ட்டைத் தோளில் போர்த்தும்போது இன்றும் "வெல்கம் ஹோம்" என்று சொல்கிறார்கள். அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளப் போவது உன் பார்டரைத்தான். அது பிய்ந்துகொள்ளாமல் நிற்க வேண்டும்.

லேபிளில் அவர் பெயர், உன் பெயர், லாங்-ஆர்ம் ஓட்டியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கட்டும். நவம்பர் 11, அமெரிக்காவின் படைவீரர் தினத்துக்குக் கொடுப்பதென்றால் செப்டம்பர் முடிவுக்குள் லாங்-ஆர்ம்காரரிடம் போய்ச் சேர வேண்டும், அந்தச் சமயத்தில் அவர்களுக்கு வேலை குவிந்துவிடும். ஓரத்தை மூடித் தைக்கும் பைண்டிங்குக்கு 2½ இன்ச் பட்டை ஏழு இப்போதே வெட்டி வை.

நாளைக்கே நான்கு பட்டையையும் அளந்து எண்ணை அனுப்பு. அதைப் பார்க்கும்வரை உள்பட்டையில் கத்தி வைக்காதே.

உன்,
மீனா