ஐப்பசிக்கு முதலே தொடங்கு, மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிறுபோக வெட்டு முடிந்து நெல் மூடைக்குள் போய்விட்டது என்று அறிந்ததில் நிம்மதி. நெல் விலையைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுதத் தொடங்கினால் கடிதம் முழுவதும் அதுவே ஆகிவிடும், நேரில் கதைப்போம். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, எத்தனை தரம் கூட்டினாலும் விறாந்தையில் மணல்தான்.

சரி, ஜிம்மியின் விஷயத்துக்கு வருகிறேன். தீர்த்தத் திருவிழா இரவு வாணம் விடத் தொடங்கியதும் அது வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியதையும், மறுநாள் வாய்க்கால் கரையில் தேடிப் பிடித்ததையும் வாசித்தேன். யானையைக் கண்டால் குரைக்கிற நாய் ஒரு சீன வெடிக்குக் கட்டிலுக்குக் கீழே போகிறதே, வெட்கக்கேடு என்று எழுதியிருக்கிறாய். உன் மாமனார் வேறு, தடவிக் கொடுத்தால் பயம் கூடும், இரண்டு அடி போட்டு வெளியே விடு என்கிறாராம்.

மாமனார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது பிழை. இரு என்றதும் இருந்து ஒரு பிஸ்கட் வாங்கிய நாய் மறுபடியும் இருக்கும், ஏனென்றால் அது தானாகச் செய்கிற வேலை. நடுங்குவதும், எச்சில் வடிப்பதும், நெஞ்சு படபடப்பதும் அது வேண்டுமென்று செய்வதில்லை. நீ அணைத்துக்கொண்டாய் என்பதற்காக அடுத்த தடவை கூடுதலாக நடுங்காது. 1990 நினைவிருக்கிறதா? ஷெல் வரும் சத்தம் நமக்குக் கேட்க முதலே பங்கருக்குள் பாய்ந்தது உங்கள் வீட்டு நாய்தான். அதைப் பார்த்துத்தான் நாங்கள் பாய்ந்தோம். அன்றைக்கு ஒருவரும் அதைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் பக்கத்து வளவில் வெடி கொளுத்தினால் என் கையிலுள்ள தேத்தண்ணி சிந்துகிறது. அந்த நேரம் உன் தங்கச்சி வந்து தோளில் கை வைப்பதால் என் பயம் கூடியதாக நான் கண்டதில்லை.

ஆகவே ஜிம்மி உன்னிடம் வந்தால் பக்கத்தில் வைத்துக்கொள். ஒளிக்கப் போனால் விடு, இழுத்து வெளியே எடுக்காதே. உங்கள் வீட்டில் நடுவில் இருக்கிற அந்தச் சாமான் அறைதான் நல்ல இடம். யன்னலுக்குத் தடித்த சீலை ஒன்றைப் போட்டு, ஃபேனையும் ரேடியோவையும் போட்டுவிடு. கதவைச் சாத்திப் பூட்ட வேண்டாம், அது நினைத்தபோது போய்வர வேண்டும். வீட்டு வாசலையும் படலையையும்தான் நன்றாகப் பூட்ட வேண்டும். சங்கிலியில் மட்டும் கட்டாதே. வெருண்ட நாய் இழுத்து இழுத்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். கழுத்துப்பட்டியில் உன் போன் நம்பரை எழுதிவிடு. பொழுதுபட முதலே வெளியே கூட்டிப்போய் வந்துவிடு.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நாயின் காது 45,000 அளவு வரை பிடிக்கும். வாணம் கிளம்பும்போது வருகிற சீழ்க்கையில் நமக்குக் கேட்காத பகுதியும் அதற்குக் கேட்கிறது. திருவிழா எப்போது முடியும் என்பதும் அதற்குத் தெரியாது.

இனி, இதற்கு என்ன செய்யலாம் என்பது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபானி ரீமர் என்ற ஆய்வாளர் நாய் வளர்க்கிற 1,225 பேரிடம் விசாரித்து, வாணவெடிப் பயத்துக்கு எது உதவியது என்று 2020-இல் வெளியிட்டார். வெடி கேட்டவுடன் நாய்க்குப் பிடித்த தீனியையோ விளையாட்டையோ கொடுத்தவர்களில் 10 பேருக்கு 7 பேர் பலன் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடம்போடு இறுக்கிக் கட்டுகிற சட்டை பாதிப் பேருக்குக்கூட உதவவில்லை. வளர்ப்பவர்கள் தாங்களே சொன்ன கணக்குத்தான், அளந்து பார்த்ததில்லை. இருந்தாலும் செலவில்லாத வைத்தியம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை. அவித்த கோழி ஈரலைச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள். முதலில் சத்தம், உடனே ஈரல். இந்த ஒழுங்கு மாறக் கூடாது. ஈரலை முதலில் காட்டிவிட்டு வெடி கேட்டால், பிறகு ஈரலைக் கண்டாலே ஓடும்.

ஆனால் நன்றாகப் பயந்துபோன நாய் ஈரலைத் திரும்பியும் பார்க்காது. அதனால்தான் இப்போதே தொடங்கு என்கிறேன். போனில் வெடிச் சத்தத்தைப் பதிந்துகொண்டு, ஜிம்மி காதை மட்டும் அசைக்கிற அளவுக்கு மெல்லப் போடு. ஒரு வெடி, ஒரு துண்டு. ஐந்து நிமிடம் போதும். அடுத்த நாள் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கூட்டு. வாயை நக்கினால், கொட்டாவி விட்டால், வாலைக் கீழே சொருகினால், நீ கூட்டியது அதிகம், திரும்பக் குறை. கிழமைக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் எடுக்கும். போன் ஸ்பீக்கரில் வெடியின் அதிர்வு வராது என்பதால் பிறகு பெரிய ஸ்பீக்கர் தேவைப்படும். நடுவில் உண்மையான வெடி கேட்டுவிட்டால் பழக்கியதெல்லாம் கரைந்துவிடும், அதனால் தீபாவளிக் கிழமையில் தொடங்குவதில் அர்த்தமில்லை. தீபாவளி போனால் நத்தார், டிசம்பர் 31 நள்ளிரவு, பொங்கல், சித்திரை. நம் ஊரில் வெடியில்லாத மாதத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இடிக்கு இந்த முறை அவ்வளவு சரிவராது. ஐப்பசி பின்னேரங்களில் வானம் கறுக்கிறதும் காற்று மாறுகிறதும் மின்னுகிறதும் சேர்ந்துதான் அதற்கு இடி. போனில் அதையெல்லாம் போட முடியாது. வானம் இருளும்போதே அறைக்குள் கூட்டிப்போய்விடுவதுதான் நல்லது.

இன்னொன்றும் எழுதியிருந்தாய், அதற்குத்தான் எனக்குக் கோபம். பெரும்போகக் காவலுக்குத் தம்பி வாடிக்குப் போகும்போது ஜிம்மியையும் அனுப்பி, யானை வெடிக்குப் பக்கத்தில் வைத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்கிறாய். யானையைத் திருப்புவதற்கென்று வனஜீவராசிகள் திணைக்களத்தில் கொடுக்கிற வெடியடா அது! பயந்த நாயை அதற்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் பயம் போகாது, மற்றச் சத்தங்களுக்கும் பரவும். கதவு அடித்தாலும், தகரத்தில் தேங்காய் விழுந்தாலும் நடுங்கத் தொடங்கிவிடும். அதோடு, யானையைச் சீண்டிவிட்டு நாய் திரும்பி ஓடிவருவது உன் தம்பியின் காலடிக்குத்தான். அவனுக்குக் காவல் நாய் வேண்டுமென்றால் வேறு குட்டி எடுத்து வளர்க்கட்டும். மூன்றாவது கிழமையிலிருந்து பதினான்காவது கிழமை வரை குட்டிக்குப் பலவகைச் சத்தங்களை மெல்ல மெல்லப் பழக்கலாம்.

ஜிம்மிக்கு இப்போது வயது என்ன? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிளக்கி சின்ன வயதில் எந்த வெடிக்கும் அசையாதது. வயது போனபிறகுதான் நடுங்கத் தொடங்கியது. மிருக வைத்தியர் காதைப் பார்ப்பார் என்று நினைத்தால் இடுப்பைத் தடவிப் பார்த்தார், மூட்டு வலி. சத்தத்தில் திடுக்கிடும்போது தசை இறுகி வலி கூடுமாம், பிறகு சத்தத்தைக் கேட்டாலே வலி வருமென்று பயமாம். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் சேர்ந்து செய்து 2018-இல் வெளியான ஆய்வொன்றும் இதைத்தான் சொன்னது. வெறும் 20 நாய்களைப் பார்த்ததுதான், ஆனாலும் வலியுள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் மற்றவற்றைவிடச் சராசரியாக நாலு வருடமளவு பிந்தித் தொடங்கியிருந்தது. பிளக்கிக்கு வலிக்கு மருந்து கொடுத்தபிறகு பயமும் பாதியாகக் குறைந்தது. ஜிம்மியையும் ஒருக்கால் காட்டு.

காட்டும்போது பயத்துக்கான குளிசையையும் கேள். பயத்தையே குறைக்கிற மருந்துகள் இருக்கின்றன. வெடி தொடங்க முதலே கொடுக்க வேண்டும், சத்தமில்லாத ஒரு நாளில் கொடுத்துப் பார்த்தும் வைக்க வேண்டும். அசிப்ரோமசின் என்று பழைய மருந்து ஒன்று உண்டு. அதை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். பார்க்கிறவனுக்குத்தான் நிம்மதி. மாமனாரின் நித்திரைக் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம், உன்னை எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அக்கரைப்பற்றில் ஒரு கலியாணம் இருக்கிறது. வரும்போது மகளின் பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவருகிறேன், அதற்குள் நீ போனில் தொடங்கியிருக்க வேண்டும். எனக்குப் புது நெல்லுப் பச்சையரிசி பத்துக் கிலோ எடுத்து வை; போன முறைபோல "மறந்துபோனேன்" என்று சொல்லாதே. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மாமனாருக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

இப்படிக்கு,
உன் மச்சான்