ஆமைச் சிலைக்கு வெளிச்சம் போதும், ஐயா

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

சென்னைக்குத் தெற்கே எங்கள் குப்பத்துக் கடற்கரையில் இரண்டு ஹைமாஸ்ட் உயர விளக்குக் கம்பங்களை நட்டதும் நீங்கள், அவற்றின் சுவிட்ச் பெட்டிக்குச் சாவி வைத்திருப்பதும் நீங்கள். அதனால் இந்த மடல் உங்களுக்கு. முன்கதை உங்களுக்குத் தெரியும். மூன்று மனு கொடுத்திருக்கிறோம், மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. கடலாமைக் குஞ்சுகளுக்காகக் கேட்டது ஒன்றுதான்: தை முதல் சித்திரை முடிய, இரவு பதினொன்றிலிருந்து விடிகாலை ஐந்து வரை, கடலைப் பார்த்து எரியும் அந்த இரண்டு கம்பங்களை மட்டும் அணைத்து வையுங்கள்.

போன ஞாயிறு அதிகாலை மூன்றரை மணி இருக்கும். நானும் பெரியப்பாவும் வழக்கம்போல் ஆமைத் தடம் தேடி மணலில் நடந்து வந்தோம். எங்கள் கண்ணுக்குத் தப்பிய பங்குனி ஆமைக் (ஆலிவ் ரிட்லி கடலாமை) கூடு ஒன்று அன்று பொரிந்திருந்தது. குழி தெரிந்தது. குழியிலிருந்து கிழக்கே போகவேண்டிய தடங்கள், குட்டிப் பொம்மை டிராக்டர் ஓட்டியதுபோல், வரிசையாக மேற்கே போயிருந்தன. அந்தத் தடத்தின் பின்னாலேயே போனோம். உங்கள் கம்பத்தின் சிமென்ட் திட்டில் முப்பத்தேழு குஞ்சுகள் முட்டிக்கொண்டு கிடந்தன. தீப்பெட்டி அளவு உடம்பு. திட்டைச் சுற்றிச் சுற்றி வந்த தடம் மணலில் பள்ளமாகவே விழுந்திருந்தது. ரோட்டில் வண்டி ஏறி நசுங்கியவை பத்தொன்பது. எண்ணாமல் வந்திருக்கலாம், எண்ணிவிட்டேன்.

பெரியப்பா தோள் துண்டை விரித்து உயிரோடிருந்தவற்றை அள்ளினார். படகு நிழல் விழும் இடமாகப் பார்த்து, அலை ஓரத்தில் இறக்கிவிட்டோம். அங்கிருந்தும் நான்கு குஞ்சுகள் திரும்பி உங்கள் விளக்கை நோக்கி வந்தன.

அவை முட்டாள்கள் அல்ல. முட்டையை உடைத்த குஞ்சு உடனே வெளியே ஓடிவராது. ஒன்றரை அடி ஆழத்தில் ஒன்று அசைய, அடுத்தது அசைய, மேல் மணல் சரிந்து அடியில் இறங்க, கூட்டமாகவே மேலேறும். அதற்கே சில நாள் பிடிக்கும். மேலே வந்தும் அவசரப்படாது, மேல் மணல் சூடாக இருக்கும்வரை அதன் அடியிலேயே கிடக்கும். மணல் குளிர்ந்தால் ராத்திரி வந்துவிட்டது என்று கணக்கு. அப்புறம் நூறும் ஒரே மூச்சில் கிளம்பும். வழிகாட்டத் தாய் இல்லை. நாற்பது கிலோ உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, குழி தோண்டி முட்டையிட்டு, மூடிய மணலை உடம்பாலேயே தொம் தொம்மென்று தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டு, அன்றிரவே அவள் கடலுக்குப் போய்விட்டாள். குஞ்சுக்குத் தெரிந்ததெல்லாம், தாழ்வாக, வெளிச்சமாகத் தெரியும் பக்கம் போகவேண்டும் என்பதுதான். விளக்கில்லாத கரையில் அந்தப் பக்கம் கடல். எங்கள் கரையில் அது உங்கள் கம்பம்.

தொலைபேசியில் கேட்டால் பெண்கள் பாதுகாப்பு என்கிறீர்கள். நானும் பெண்தான் ஐயா. ராத்திரியில் நான் பயந்து நடக்கும் இடம் மணல் இல்லை, குப்பத்துக்குள் இருக்கும் சந்து. அங்கே மூன்று தெருவிளக்குகள் எட்டு மாதமாக எரியவில்லை. அதற்கும் மனு கொடுத்தோம், அதற்கும் ரசீது இருக்கிறது. ஆள் நடக்கும் இடத்தில் இருட்டு, ஆமை நடக்கும் இடத்தில் பட்டப்பகல்.

எங்கள் இரண்டாவது மனுவுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆமைகளின் மீது அக்கறை காட்டும் விதமாக, நடைபாதை ஓரத்தில் ஃபைபர் ஆமைச் சிலை ஒன்று வைத்தீர்கள். மிக அழகான சிலை. அதற்கு நாலு பக்கமும் ஃபோகஸ் லைட் போட்டீர்கள். அதையும் சேர்த்து அணைக்கச் சொல்லி மூன்றாவது மனு எழுதவேண்டி வந்தது.

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972, பங்குனி ஆமையை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. சென்னைக் கடற்கரையில் ஆமைக்காக இரவு நடப்பவர்கள் 1970-களிலிருந்தே இருக்கிறார்கள், மாணவர்கள் 1988-லிருந்து விடாமல் நடக்கிறார்கள். கிடைத்த முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்துவிடுகிறோம், அவற்றுக்கு ஆபத்தில்லை. ஆனால் எல்லாக் கூட்டையும் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. 2025 ஜனவரியில் இதே கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, மூச்செடுக்க மேலே வரமுடியாமல் இழுவை வலையில் மாட்டி மூழ்கும் அந்த ஆமைகளைப் பற்றிக் கேட்டால் அது வேறு துறை என்பீர்கள். கரைக்கு ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்ற விதி எந்தத் துறையின் அலமாரியில் தூங்குகிறதோ! சரி, அதை உங்களிடம் கேட்கவில்லை. உங்களிடம் இருப்பது ஒரு சுவிட்ச்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் பங்குனியில் ஒருநாள் இரவு முழுக்க மின்வெட்டு. ஊரே உங்களைத் திட்டியது. அன்றைக்குப் பொரிந்த ஒரு கூட்டில் ஒரு குஞ்சுகூட வழி தவறவில்லை, எல்லாத் தடமும் நேராக அலைக்குள் போயிருந்தது. அந்த ஒரு இரவுக்காக உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதலாமா என்று பெரியப்பா கேட்டார்.

ஆகவே மறுபடியும், பணிவாகவே கேட்கிறேன். இரண்டு கம்பங்கள், சிலையின் ஃபோகஸ் லைட்டுகள், பதினொன்றிலிருந்து ஐந்து வரை. டைமர் வாங்க நிதி ஒதுக்கவேண்டும் என்றால் சாவியை எங்களிடம் கொடுங்கள், தினமும் அணைத்துப் போட ஆள் தருகிறோம். மாசிக் கடைசியில் படகுத்துறைக்கு வடக்கே இரண்டு தாய் ஆமைகளின் தடம் பார்த்தோம், கூடு எங்கே என்று தெரியவில்லை. கணக்குப்படி சித்திரை பாதி வாக்கில் அவை பொரிந்துவிடும். அதற்கு முன் ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கம்பத்தடியில் குஞ்சு பொறுக்கும் ஒருத்தி