பீடி இலையைக் கண்ணெதிரே நிறுத்துக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பீடிக் கூலி என்றாலே ஆயிரத்துக்கு எத்தனை ரூபாய் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மேலப்பாளையத்தில் வீட்டு வாசலில் சுளகை மடியில் வைத்துச் சுற்றும் பெண்களுக்கு, கூலியில் முதல் அடி விழுவது பீடிக் கம்பெனிக் கடையில் சுற்றுவதற்கு இலை வாங்கும்போதுதான்.

ஆயிரம் பீடிக்கு இலை 600, 700 கிராம் வேண்டும். புகையிலைத் தூள் 250 கிராம், கொஞ்சம் முன்பின். அதுவும் நல்ல இலையாக இருந்தால். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் இலையில் ஓட்டையும் முற்றிய நரம்பும் கிடந்தால், அளவுத் தகரம் வைத்து வெட்டும்போது இரண்டு துண்டு கிடைக்க வேண்டியதில் ஒன்றுதான் தேறும். எடை சரியாக இருந்தும் 800 பீடியிலேயே இலை தீர்ந்துவிடும். மீதி 200க்குக் கைக்காசு போட்டு இலை வாங்கித்தான் கணக்கை முடிக்கிறார்கள்.

நனைத்த இலைக்கு ஈரம் போதாவிட்டால் சுருட்டும்போது கீறும். மிஞ்சினால், காய்ந்தபின் பீடி தளர்ந்து நூல் கழலும். மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். இப்படிப்பட்டதைக் கடையில் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பக் கைக்கு வராது. நோன்பு மாதத்தில் சஹர் முடித்து, சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்து, வறண்ட தொண்டையில் தூள் நெடி இறங்க இறங்கச் சுற்றிய பீடி அது. விற்க லாயக்கில்லை என்றால் சுற்றியவர்கள் முன்னாலேயே இரண்டாக நறுக்கிப் போடட்டும். விற்கப் போகிறது என்றால் கூலியைக் கொடுக்கட்டும்.

இலை, தூள் கொடுப்பதிலும் பீடி கழிப்பதிலும் தகராறு வந்தால் தீர்த்துவைக்க அதிகாரி வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் கடையில் பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் இருப்பது ஒருத்தி பெயர், வீட்டில் சுற்றுவதோ தாயும் இரண்டு மகள்களும். வாயைத் திறந்தால் புக்கைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் யாரும் புகாருக்குப் போவதில்லை.

தொழிலாளர் துறை அதிகாரிகள் இலை கொடுக்கும் நேரத்தில் கடைகளுக்கு வர வேண்டும். தராசு பெண்களுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். கட்டைப் பிரித்து இலையைப் பார்த்து வாங்க விட வேண்டும். அன்றன்று கொடுத்த இலை எத்தனை கிராம், கழித்த பீடி எத்தனை என்று பாஸ்புக்கிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.