குறிப்பேட்டில் ஒரு பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைய தலைமுறை முன்னோர் வழியைக் கைவிடுகிறது என்று வருந்தித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில், முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இருப்பதோ அதற்கு நேர்மாறான கவலை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முன்னோரைக் கைவிடவில்லை. வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். அப்படி ஒப்பிக்கப் பழக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த பள்ளி மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாகச் சென்றிருந்தேன். தலைப்பு நீர். ஒன்பது பேர் பேசினார்கள். அவர்களில் எட்டுப் பேர் வான்சிறப்பில் தொடங்கி, மாமழையைப் போற்றி, கல்லணைக்குச் சென்று கரிகாலனை வணங்கிவிட்டு, மூன்றாம் உலகப் போர் தண்ணீருக்காகத்தான் மூளும் என்ற எச்சரிக்கையோடு கைகூப்பி அமர்ந்தார்கள். கையை உயர்த்திய இடமும் குரலைத் தாழ்த்திய இடமும்கூட ஒன்றாகவே இருந்தன.

அந்த எட்டுப் பேரில் ஒரு சிறுவன் புறநானூற்றின் 18-ஆம் பாடலை எடுத்துச் சொன்னான். நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு. ஆனால் பாடிய புலவரின் பெயரைக் ‘குடப்புலவனார்’ என்றான். புலவர் குடபுலவியனார். கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. ஏனெனில் அந்தப் பிழை என்னுடையது. 1996-இல் ஒரு போட்டிக்காக என் மாணவன் ஒருவனுக்கு இரவோடிரவாக உரை எழுதிக் கொடுத்தபோது, நூலைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிய பெயர் அது. அந்த மாணவன் முதற்பரிசு பெற்றான். அதனாலேயே என் குறிப்பேடு நகல் எடுக்கப்பட்டு, பள்ளி விட்டுப் பள்ளி சென்று, பிற்காலத்தில் கைப்பேசிகளிலும் சுற்றத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் அதைக் கையில் வாங்கிய எந்த ஆசிரியரும் மூலப் பாடலைத் திறந்து பார்க்கவில்லை என்பதை அந்தச் சிறுவனின் வாயிலிருந்து அறிந்துகொண்டேன். நானும்தான் பார்க்கவில்லை.

ஒன்பதாவதாக வந்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. ஆழியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள அவளுடைய தாத்தா விடியற்காலையில் மூலத்தறைத் தடுப்பணைக்கு ஆள் அனுப்புவதிலிருந்து தன் பேச்சைத் தொடங்கினாள். தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது என்பதும், அதன்படி எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வந்து சேர வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கேரளத்து உழவராக நின்று தமிழ்நாட்டிடம் தண்ணீர் கேட்கிற தாத்தா, அதைத் தமிழில்தான் கேட்கிறார் என்றாள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தையின் வீட்டார் அதே தண்ணீருக்கு அந்தப் பக்கத்து நியாயத்தைப் பேசுவார்களாம். பொங்கலுக்கு அவர்கள் வரும்போது சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் அணைப் பேச்சை எடுக்கக் கூடாது என்று பாட்டி உத்தரவு போட்டுவிடுவாராம். அரங்கமே சிரித்தது. நடுவர்கள் மூவரும் சிரித்தோம். பிறகு மதிப்பெண் தாளில் ‘மேற்கோள்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது, அவள் ஒரு குறளும் சொல்லவில்லை என்பதைக் கண்டு பத்துக்கு இரண்டு போட்டோம். ‘குடப்புலவனார்’ என்று சொன்ன சிறுவனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாடலை எடுத்துப் படித்தேன். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாட வந்த புலவர், மன்னன் வென்ற போர்களிலேயே நின்றுவிடவில்லை. மறுமைச் செல்வமோ, பிற வேந்தரை வென்று நீ ஒருவனே ஆளும் ஆட்சியோ, நிலைத்த புகழோ எதை வேண்டினாலும், நிலம் பள்ளமான இடங்களிலெல்லாம் நீரைத் தேக்கிவை என்று சொல்லிவிடுகிறார். பாட்டுடைத் தலைவனின் நாட்டையும் அதன் வயலையும் நேரே பார்த்து, அதற்கு என்ன வேண்டும் என்று சொன்ன புலவர் அவர். அன்றைய அரங்கில் அவருக்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்கவள், அவர் பெயரைக்கூட எடுக்காத அந்தப் பெண்தான். மூலத்தறையைப் பற்றி அவளுக்கு முன் எவரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அதனால் தானே பார்த்துச் சொன்னாள்.

தங்கள் கட்டுரையாளர் மரபைக் காத்து நிற்கும் கலை என்று எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தை, அதாவது தோல்பாவைகளின் நிழலைத் திரையில் காட்டி ஆடும் கூத்தை, குறிப்பிட்டிருந்தார். குறிப்பிட வேண்டியதுதான். மலையாளம் வழங்கும் ஊர்களின் பகவதி கோயில்களில், நாற்பத்திரண்டு அடி நீளக் கூத்துமாடம் என்னும் மேடையில், இருபத்தொரு விளக்குகளுக்கு முன் கம்பனின் பாடல்கள் இரவிரவாக ஒலிப்பது தமிழர்க்குப் பெருமை. இராம இராவணப் போர் நடந்தபோது தாருகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் அதைக் காணத் தவறிய பத்திரகாளிக்காகவே இந்தக் கூத்து ஆடப்படுகிறது என்பது ஐதிகம். பல இரவுகளில் நள்ளிரவுக்குப் பின் அவளைத் தவிரக் கேட்பார் இருக்க மாட்டார்கள். ஆயினும், அந்தக் கூத்துமாடத்தின் வெளியே உட்கார்ந்து சில இரவுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புலவர்கள் என்று அழைக்கப்படும் கூத்துக் கலைஞர்கள் பாட்டைச் சொல்லி நிறுத்துவதில்லை. பாட்டுக்குப் பின் வரும் விளக்கத்தில் கிளைக்கதையும் தருக்கமும் கேலியும் சேர்ந்து விரிகின்றன. யார் தேர்ந்த புலவர் என்பது அந்த விரிவில்தான் தெரியும். எங்கள் பேச்சுப் போட்டிகள் அந்தக் கூத்திலிருந்து பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிட்டன.

அந்தப் பாட்டுக்கு உரிய கம்பனோ, முன்னவர் சொன்னதை அப்படியே சொல்லாதவர். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனிலோ பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை வீடணன் வாயில் வைத்தவரும் கம்பனே. எங்கள் சித்தூரில் சோகநாசினி ஆற்றின் கரையில் குருமடத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த மலையாளக் கவிஞர் துஞ்சத்து எழுத்தச்சன், வான்மீகத்தையும் விட்டு, கம்பனையும் விட்டு, அத்யாத்ம இராமாயணத்தைத் துணையாகக் கொண்டு கிளியைக் கதை சொல்ல வைத்தார். கர்க்கடகம் என்னும் ஆடி மாதத்தில் எங்கள் அண்டை வீடுகளில் அதைத்தான் படிக்கிறார்கள்.

கூத்திலும் இது தொடர்கிறது. கோயில் கூத்துமாடத்துக்கு வெளியே பொது மேடைக்குத் தோல்பாவையைக் கொண்டுவந்தவர் கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவர் காந்தியடிகளின் கதையையும் பாவைகளைக் கொண்டு ஆடினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்களே ஆடிவந்த இக்கலையில் இப்போது பெண்களும் திரைக்குப் பின்னே நிற்கிறார்கள். புதியது என்ற பெயரில் வருவதெல்லாம் எனக்கு உவப்பானது என்று சொல்ல மாட்டேன். பாவைகளை ஆட்ட இயந்திரக் கைகளைப் பொருத்திக் காட்டியதையும் செய்திகளில் பார்த்தேன். பிசகாமல் திரும்பச் செய்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. எங்கள் எட்டுப் பேச்சாளர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. பாட்டு நெஞ்சில் இல்லாதவனுக்கு விளக்கமும் வராது. குறளும் புறமும் பிள்ளைகளின் நாவில் இருக்கட்டும். எல்லைக்கு இப்பால் தமிழ் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை. ஆனால் இங்கே தமிழ்ப் பள்ளி நடத்துவதே பெரும்பாடு என்பதால், தெரிந்ததைச் செய்து பரிசு வாங்கினால் போதும் என்ற அச்சம் ஆசிரியர்களிடம் ஊறிவிட்டது. எனக்கும் அது இருந்தது. குறைந்தபட்சம், தலைப்பைப் போட்டி நாளன்று காலையில் அறிவிக்கலாம். மேற்கோளுக்குத் தனி மதிப்பெண் வைப்பதை நிறுத்தி, அந்தக் கட்டத்தில் பிள்ளை தானே கண்டதற்கு மதிப்பெண் கொடுக்கலாம். தங்கள் இதழின் சிறுவர் பக்கத்திலும் தலைவர்களின் வரலாற்றுச் சுருக்கத்துக்கு ஈடாக, தங்கள் ஊரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதும் பத்து வரிக்கு இடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். முதல் பத்து வரியை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியும். அவளுடைய தாத்தாவிடம் பேசியிருக்கிறேன்.

புலவரின் பெயரைத் திருத்தி, அறிந்த ஆசிரியர்கள் அனைவருக்கும் செய்தி அனுப்பினேன். பலர் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் நன்றி தெரிவித்து, திருத்திய உரை முழுவதையும் அனுப்பி வைத்தால் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.