கையைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

ஸ்தோத்திரம். காத்திருக்கிறவர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பை எங்களோடு சேர்ந்து சுமந்த உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். குழந்தைக்காக, வேலைக்காக, பரிசோதனை முடிவுக்காக, வீட்டைவிட்டுப் போன பிள்ளைக்காக என்று ஒவ்வொருவரின் காத்திருப்பும் ஒரு விதம். யாருக்காக ஜெபித்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் செய்ததையும் செய்த விதத்தையும் மட்டும் எழுதுகிறோம். இதே வேலையைத் தொடங்க நினைக்கும் இன்னொரு ஜெபக்குழுவின் கண்ணில் பட்டால் அவர்களுக்கும் பயன்படட்டும்.

வேதத்தில் யாத்திராகமம் 17-ல், யுத்தத்தின்போது ஜனங்களுக்காக உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் அந்தக் கைகளைத் தாங்கினார்கள். (ஊர் என்ற பெயரைத் தமிழில் வாசிக்கும்போது ஊரே சேர்ந்து தாங்கியதுபோல் இருக்கும். அதுவும் பொருத்தம்தான்.) ஆனால் கையைப் பிடிப்பதற்கு முன் அவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவந்து மோசேயை உட்கார வைத்தார்கள். அந்தக் கல்லைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் முதல் நன்றி கல் கொண்டுவந்தவர்களுக்கு: சமைத்துக் கொடுத்தவர்களுக்கு, மருத்துவமனைக்குக் கூடப் போய் வரிசையில் நின்றவர்களுக்கு, பிள்ளைகளை இரண்டு மணிநேரம் பார்த்துக்கொண்டு அம்மாவைத் தூங்கவிட்டவர்களுக்கு. சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்கும் முதலில் கிடைத்தது தூக்கம், அப்பம், தண்ணீர். அதுவும் இரண்டு முறை. பேச்சு அதற்கு அப்புறம்தான்.

அடுத்து, கிழமை எடுத்துக்கொண்டவர்களுக்கு. "எல்லோரும் தினமும் ஜெபிப்போம்" என்று தொடங்கும் ஏற்பாடு சில வாரங்களில் தேய்ந்துவிடும். எல்லோர் பொறுப்பும் யார் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுவதே காரணம். அன்பு குறைந்துபோகிறது என்று சொல்ல முடியாது, மறதிதான். சிறையில் தனக்கு உதவிய யோசேப்பை, விடுதலையான பிறகு மறந்த ராஜாவின் பானபாத்திரக்காரன் பகையாளி இல்லையே! ஆனால் அந்த மறதி யோசேப்புக்குச் சிறையில் இன்னும் இரண்டு வருஷமானது. அதனால்தான் ஒருவருக்கு ஒரு கிழமை, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஏழு பேர் என்று பிரித்தோம். உங்கள் கிழமையன்று, "இன்று உங்களுக்காக ஜெபித்தேன், பதில் அனுப்ப வேண்டாம்" என்று ஒரே வரி அனுப்பினீர்கள். அந்தக் கடைசி மூன்று சொற்களின் அருமை, நூறு விசாரிப்புக்குப் பதில் எழுதிக் களைத்தவருக்குத் தெரியும்.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு 13-ஆம் சங்கீதத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்த மூத்தவர்களுக்குத் தனி நன்றி. ஆறே வசனம்தான். முதல் இரண்டில் முறையீடு: "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி, ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது, இரண்டு நிமிடம் சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசிப்பது, மூன்று நிமிடம் அந்த "எதுவரைக்கும்" என்ற இடத்தில் அவரவர் வலியை அதன் பெயர் சொல்லி வைப்பது, மூன்று நிமிடம் இன்றைக்குத் தேவையானதைக் கேட்பது, கடைசி ஒரு நிமிடம் ஐந்தாம் ஆறாம் வசனங்களை மறுபடி வாசித்து முடிப்பது.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடமும் இதுதான். முறையீட்டைத் தாண்டி நேராக ஐந்தாம் வசனத்துக்குப் போய்விடுகிறோம். அழுகை அவிசுவாசம் என்று யாரோ சொல்லிவைத்த பயம் அதற்குக் காரணம். சொல்லாமல் அமுக்கிய துக்கம் எங்கும் போவதில்லை, நடுராத்திரியில் எழுந்து உட்காரும். ஐந்தாம் வசனம் வாயில் வராத நாளும் உண்டு. அன்றைக்கு நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதியை அந்தக் கிழமைக்காரர் காத்திருப்பவருக்குப் பதிலாகச் சொல்வார் என்று ஏற்பாடு செய்தீர்களே, அது பெரிய உதவி.

ஜெபக்குறிப்பு நோட்டுகளை வாங்கிக் கொடுத்தவர்களையும் மறக்கவில்லை. இடப்பக்கம் தேதியும் ஒரே வாக்கியத்தில் விண்ணப்பமும், வலப்பக்கம் நடந்தது. "எல்லாம் நல்லபடியாக ஆக வேண்டும்" என்று எழுதினால் பதில் வந்தாலும் அடையாளம் தெரியாது. "வியாழக்கிழமை மருத்துவரிடம் பயப்படாமல் கேள்வி கேட்க வேண்டும்" என்று எழுதினால் வெள்ளிக்கிழமை வலப்பக்கத்தில் எழுத ஏதாவது இருக்கும். பெரிய விண்ணப்பத்துக்கு எதிரில் உள்ள இடம் காலியாகவே கிடந்தாலும், அதை நிரப்ப அவசரப்படக் கூடாது. தினமும் பின்னால் புரட்டிப் பார்ப்பதும் வேண்டாம், மாதம் ஒருமுறை போதும். தினம் புரட்டினால் அது கணக்குப் புத்தகமாகி மனசை அரிக்கும்.

உபவாசத்தில் நிதானம் காட்டியவர்களுக்கும் நன்றி. ஒரு வேளை உணவை மட்டும் விடுவது, தண்ணீரை விடாமல் குடிப்பது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் உணவை விட வேண்டாம், அந்த நேரத்தில் கைப்பேசியை அணைத்து வைத்தால் போதும் என்று தெளிவாகச் சொன்னீர்கள். மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது பேசத் தொடங்கினால் அங்கேயே மறித்தீர்கள். அதில் தயவு தாட்சண்யமே பார்க்கவில்லை, நல்லது.

இனி, சொல்லாமல் விட்ட சொற்களுக்காக. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் பொன்னானவை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பிள்ளையில்லாத அன்னாளிடம் அவள் கணவர் எல்க்கானா, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகமில்லையா என்று கேட்டதும் அன்பில்தான். ஆனால் அவள் எழுந்து போய் அழுதது கர்த்தருடைய சந்நிதியில். நீங்கள் "எப்போது நல்ல செய்தி?" என்று கேட்கவில்லை. "எங்களுக்குத் தெரிந்தவருக்குப் பத்து வருஷம் கழித்துக் கிடைத்தது" என்று கதை சொல்லவில்லை. "எங்கேயோ விசுவாசம் குறைகிறது" என்று கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, "இந்த வாரம் எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டீர்கள். ஒரு வாரம் என்பது பதில் சொல்லக்கூடிய அளவு.

அதேபோல், காத்திருந்து சலித்தவர் திடீரென்று ஒரு பெரிய முடிவுக்குப் பாய்ந்தபோது, "இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், இரவில் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று தடுத்தவர்களும் உண்டு. தேவனுடைய வாக்கை நம்பி ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75. அடிமைப்பெண் ஆகாரிடம் இஸ்மவேல் பிறந்தபோது 86. வாக்களிக்கப்பட்ட ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் எடுத்த குறுக்குவழியால் அதிகம் அடிபட்டது அந்த முடிவில் பங்கே கேட்கப்படாத ஆகார். குறுக்குவழிகள் அப்படித்தான், பெரும்பாலும் வேறு யாரோ விலை கொடுப்பார்கள்.

ஜெப விண்ணப்பம் வதந்தியாக மாறாமல் காத்தவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல! "இதில் எந்த வாக்கியத்தை மற்றவர்களுக்குச் சொல்லலாம்?" என்று முதலிலேயே கேட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கடத்தினீர்கள். காரணம் கேட்டவர்களிடம் "எனக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்று முடித்துக்கொண்டீர்கள்.

நாள்களை நினைவில் வைத்திருந்தவர்களும் உண்டு: கருக்கலைந்த குழந்தை பிறந்திருக்க வேண்டிய தேதி, நேர்முகத் தேர்வு முடிவு வரும் நாள், சபையில் குழந்தைப் பிரதிஷ்டை நடக்கும் ஞாயிறு. அந்த ஞாயிறுகளில் முன்கூட்டியே தகவல் சொல்லி, வராமல் இருக்கவும் பாதியில் எழுந்து போகவும் வழி விட்டு, கடைசி வரிசையில் பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்தீர்கள். சாட்சி நேரத்தில், இன்னும் பதில் கிடைக்காதவர்களும் பேசலாம் என்று அனுமதித்த போதகர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இரவில் அழைப்புகளை எடுத்தவர்களுக்கு: இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டது சரியான ஏற்பாடு. சாவைப் பற்றிப் பேசினவரை ஜெபித்து அனுப்பிவிடாமல், நேரில் போய்க் கூடவே இருந்து, குடும்பத்தாரையும் மருத்துவரையும் வரவழைத்தீர்கள்.

கடைசியாக, "இல்லை" என்ற பதில் வந்த வீடுகளுக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கு. பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டும், முள் என்று அவர் சொன்ன அந்த வேதனை நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. 88-ஆம் சங்கீதம் இருளில் முடிகிறது. ஒரு நம்பிக்கை வரியைக்கூட ஒட்டவைக்காமல் அதை அப்படியே வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். நீங்களும் அந்த வீடுகளில் எதையும் ஒட்டவைக்கவில்லை. போகிறீர்கள், உட்காருகிறீர்கள், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருகிறீர்கள்.

புதன்கிழமை பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இந்த மாதம் கண் அறுவைச்சிகிச்சை. அவருடைய சுகத்துக்காக, வெள்ளிக்கிழமையை எடுத்திருக்கும் அண்ணன் ஜெபிக்கிறார். புதன் இப்போது காலி. பத்து நிமிடம் கொடுக்க முடிந்தவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஜெபக்குழுப் பொறுப்பாளர்கள்